சப்பாத்துக்கு அடித்த பிரிட்ஜ் பெயின்ட்

கெலிஓயா,
ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த பிறகு.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மாமி கத்தரீனா அவர்களுக்கு,

மருமகன் கிஷான் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஹட்டனில் குளிர் எப்படி, உங்கள் முழங்கால் எப்படி? இங்கே நானும் உங்கள் பேத்தி சமந்தாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பேனா ஒத்துக்கொள்ளவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலும் ஷாமலாவின் குரலும் ஒன்று. அந்தக் குரலிடம் இந்த வெட்கக்கேட்டைச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஷாமலாவை அடக்கம் செய்த அன்று, "பிள்ளைய என்கூட அனுப்புங்க தம்பி" என்று கேட்டீர்கள். "நான் டெக்னீஷியன் மாமி, எதையும் பார்த்துப் பழகிருவேன்" என்று பெரிதாகச் சொன்னேன். அந்தப் பேச்சைத் திருப்பி எடுக்கத்தான் இந்தக் கடிதம்.

சமந்தாவின் பள்ளியில் இந்தத் தவணையிலிருந்து ஓட்டத் திட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளைகள் போனும் கையுமாகக் குந்தியிருந்து, படி ஏறினாலே இளைக்கிறார்களாம். அதனால் தினமும் முதல் பாடத்துக்கு முன் எல்லாரும் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பந்தயம் இல்லை, பரிசு இல்லை, முடியாதவர் நடக்கலாம். நல்ல திட்டம்தான். ஆனால் இங்கே பின்நேரமானால் மழை, மைதானம் முழுக்கச் சேறு, மறுநாள் சப்பாத்து மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். ஷாமலா இருந்தபோது சப்பாத்தைக் கழுவி, வெள்ளை பூசி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற சூட்டில் காய வைப்பாள். "கொய்லில ஈரம் பட்டா பிரிட்ஜ் போயிரும்" என்று நான் சத்தம் போடுவேன். பிரிட்ஜ் திருத்துகிறவன் வீட்டு பிரிட்ஜ் என்ற கௌரவம். இப்ப அதே இடத்தில நான் கொண்டு போய் வைக்க முடியுமா? வைக்கல. பிள்ளை ஈரச் சப்பாத்தோடயே போச்சு, தும்மிக்கிட்டு வந்துச்சு.

அப்புறம் மூளை வேலை செஞ்சுது மாமி, அதுதான் பிழை. கடையில பிரிட்ஜ் கதவுக்கு அடிக்கிற வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் இருந்துச்சு. தண்ணி ஊறாது, சேறு பிடிக்காது, துணியால துடைச்சாப் போதும். ரெண்டு கோட் அடிச்சு, ஹீட் கன்னால காய வச்சு எடுத்தா, சப்பாத்து ரெண்டும் ஷோரூமிலிருந்து இறக்கின மாதிரி மின்னுது. சமந்தா விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் என்றது. "நல்லா இருக்கா மகள்?" என்றேன். "கெட்டியா இருக்கு அப்பா" என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ஓட்டத்தைப் பார்க்கிற ஆஸிகா டீச்சர் உடனே வரச் சொல்லி போன் எடுத்தார். போனேன். சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, "என்ன இது, பீங்கானா?" என்றார். நான் வெட்கமில்லாமல் விளக்கம் வேறு சொன்னேன்: "பெயின்ட் டீச்சர். நெளியாது, பத்து வருஷத்துக்கு உரியாது."

"கால் நெளியணுமே! உரியாதா? மைதானத்தைப் போய்ப் பாருங்க, முட்டைக்கோது மாதிரி கிடக்கு."

டக் டக்கென்று பிள்ளை ஓடி வந்த சத்தத்துக்கு, "டேய், குதிரை வருது" என்று பொடியன்கள் வழிவிட்டார்களாம். அதற்கு நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் டீச்சர் மெதுவாகச் சொன்னார்: "குதிகால் ரெண்டும் கொப்புளமாப் பொங்கிப் போச்சு. கழட்டிட்டு வெறுங்காலோட ஓடுங்கன்னேன். அப்பா செஞ்சு தந்தது, கழட்டினா பாவம்னு சொல்லிட்டு முழுச் சுற்றும் ஓடினா."

அங்கேயே எனக்கு நிலத்துக்குள்ள போயிரணும் போல இருந்துச்சு.

நேரே நிஸாம் நானாவின் சப்பாத்துக் கடைக்குப் போனேன். "மகள்ட அளவு?" என்றார். எந்த பிரிட்ஜுக்கு எந்தக் கொம்ப்ரசர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், இதைச் சொல்லத் தெரியவில்லை. "ஒரு நிமிஷம் நானா, கேட்டுச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன். விரல் ஷாமலாவின் பெயருக்குப் போய்விட்டது மாமி. நிஸாம் நானா பார்த்தும் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பி, பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

ஆகவே, தயவுசெய்து வந்து சமந்தாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஹட்டனிலும் நல்ல பள்ளி இருக்கிறது. நான் ஞாயிறுதோறும் வந்து பார்ப்பேன். உங்கள் முகத்தை நேரே பார்க்க மட்டும் கொஞ்ச நாள் தவணை தாருங்கள்.

மாதா உங்களையும் உங்கள் முழங்காலையும் காப்பாற்றுவாராக. வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு.

தலை குனிந்த மருமகன்,
கிஷான்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது, என்ன எழுதுறீங்க என்று சமந்தா கேட்டாள். சொன்னேன். "வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல அம்மா அப்பாமாரும் ஓடணும். நான் ஹட்டன் போயிட்டா உங்கள யாரு பழக்குறது?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். செருப்போடு சந்தி வரை ஓடினேன். பக்கத்து வீட்டு கிருஷாந்தி அக்கா, "என்ன தம்பி, எங்கயாச்சும் கேஸ் லீக்கா?" என்று கத்தினார். திரும்பி வர முடியாமல் பாதையோரமே குந்திவிட்டேன். மூச்சோடு அழுகையும் வந்துச்சு மாமி, அடக்கத்தன்னைக்கு வராதது, நிக்கவே இல்ல. பிள்ளைக்கு அது விளங்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டு, "முதல் நாள் எல்லாருக்கும் இப்படித்தான் அப்பா, மூக்கால மூச்சு எடுங்க" என்றாள்.

மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். கூட்டிப் போக வர வேண்டாம். வெள்ளிக்கிழமை பார்க்க வாங்க.