பொட்டு வைத்த நான்கு டயர்கள்

2024 அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, மலேசியாவின் யோங் பெங்கில் ஒரு வீட்டு வாசலில் ஏ.டி.வி. என்னும் நான்கு சக்கரத் தோட்ட வண்டி ஒன்று சக்கரங்கள் கழற்றப்பட்டு மரக்கட்டைகளின் மேல் நின்றது.

அதன் சொந்தக்காரர் திருச்செல்வம் சிங்கப்பூரில் தொழிற்சாலை மேற்பார்வையாளர். சனிக்கிழமை மாலை வீட்டுக்கு வருவார், ஞாயிறு மாலை திரும்புவார். வீட்டுக்குப் பின்னால் மூன்று ஏக்கர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டம். வெட்டிக் கிடந்த குலைகளை ஏ.டி.வி.யில் இழுத்துவந்து சாலையோரம் சேர்ப்பது மட்டுமே அன்று அவருக்கு இருந்த வேலை. குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போக நான்கு மணிக்கு லாரி வரும். விட்டால் அடுத்த லாரி வியாழக்கிழமைதான். அதற்குள் பழம் அழுகிவிடும். போன மாதம் அப்படி ஒருமுறை விட்டார். மனைவி ஷாமளா மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள். அதற்கு அந்த மூன்று நாளே மேல் என்று அவருக்குத் தோன்றியது.

இன்று ஷாமளா மூவாரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். "நாலு மணிக்கு லோரி. மறந்துடாதீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

டயர் பற்றி வெள்ளிக்கிழமையே குரல் பதிவு அனுப்பியிருந்தாள். மூன்று நிமிடப் பதிவு. "என்னங்க, புது டயர் வந்துடுச்சு" என்பது வரை கேட்டுவிட்டுத் திருச்செல்வம் நிறுத்தினார். ஷாமளாவின் பதிவுகளில் முதல் ஐந்து விநாடிதான் செய்தி என்பது அவர் அனுபவம்.

டயர்கள் கார் நிறுத்துமிடத்தில் அடுக்கியிருந்தன. கறுப்பாகப் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். ஆயுத பூசைக்கு அரிவாள் முதல் ரைஸ் குக்கர் வரை பொட்டு வைப்பவள் ஷாமளா. வண்டியிலிருந்து கழற்றிய டயர்களோ செம்மண் அப்பி வழுக்கையாகத் தெரிந்தன.

வேலியோரம் கோப்பிக் குவளையோடு வந்து நின்றார் பக்கத்து வீட்டு செல்லப்பன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மகள் வீட்டிலிருந்து நேற்றுதான் திரும்பியவர்.

"என்ன தம்பி, வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போகலியா?"

"நாலு டயருக்கு எதுக்கு அங்கிள் வொர்க்‌ஷாப்? யூடியூப்ல பாத்தேன். பதினஞ்சு நிமிஷம்."

"யாருக்கு?"

திருச்செல்வம் கழற்றிவைத்த மண் டயர் ஒன்றைத் திருப்பினார். டயரின் பள்ளத்தில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைத் தோண்டி எடுத்தார்.

"பாருங்க, போன வருஷப் பூசையில நசுக்கினது."

"இன்னும் ஈரமா இருக்கே?"

"நம்ம ஊரு மழையில எது அங்கிள் காயுது?"

டயர் ரிம்மை விட்டு அசைய மறுத்தது. கடப்பாரையால் நெம்பினார். கடப்பாரை வளைந்தது.

"காரை மேல ஏத்து லா," என்றார் செல்லப்பன். "எஸ்டேட்ல டிராக்டர் டயருக்கு நாங்க லோரியையே ஏத்துவோம்."

காரை ஏற்றினார். டயர் பொளக்கென்று ரிம்மை விட்டு வந்தது. காரின் முன் பம்பரும் வந்தது.

"ரெண்டும் கழண்டுடுச்சு," என்றார் செல்லப்பன்.

மீதி மூன்றுக்கும் திருச்செல்வம் காரைப் பின்பக்கமாக ஏற்றினார். பின் பம்பர் இரண்டாவது டயரில் விழுந்தது.

பொட்டு வைத்த டயர்களை மாட்டப் பாத்திரம் கழுவும் சோப்பு தடவ வேண்டும் என்றது யூடியூப். ஒரு போத்தல் முழுவதையும் ஊற்றினார். முதல் டயர் கையிலிருந்து வழுக்கி, கேட்டைத் தாண்டி, சாலையின் எதிர்ப்பக்கக் கால்வாயில் இறங்கியது.

"அலமாக்! அதுக்கு வழி தெரியுது, ஒனக்குத்தான் தெரியல."

அதை மீட்டு மாட்டியபின் காற்று நிற்கவில்லை. நடுவில் கயிறு கட்டி முறுக்கினால் டயரின் விளிம்பு ரிம்மில் ஒட்டும். வீட்டில் இருந்த ஒரே கயிறு துணிக்கொடி. அதில் காய்ந்த ஷாமளாவின் மூன்று சேலைகளை வேலிமேல் போட்டார். அவை ஒன்றன்பின் ஒன்றாகச் சோப்பு நுரைக்குள் சரிந்தன.

மூன்று மணிக்கு நான்கு சக்கரங்களும் வண்டியில் ஏறின. திருச்செல்வம் ஏறி உட்கார்ந்தார். வண்டி மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. இறங்கிக் காற்றடித்தார். வலப்பக்கம் சாய்ந்தது. ஒன்றை நிரப்பிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முந்தியது படுத்துக்கொண்டது.

"புது டயர்ல எப்படி அங்கிள் காத்து எறங்கும்?"

"பொட்டு வைக்கிறப்ப ஷாமளா அழுத்தி வச்சுடுச்சோ என்னமோ."

திருச்செல்வம் டயர் வாங்கிய பட்டறைக்குப் போன் செய்தார். எடுத்தவர் கமலநாதன்.

"என்னா டயர் குடுத்திருக்கீங்க? நாலும் ஓட்டை!"

"அண்ணே, நாலும் நான்தான்..."

"ஒண்ணும் பேசாதீங்க! உடனே கெளம்பி வாங்க!"

மூன்று ஐம்பதுக்குக் கமலநாதன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். படுத்திருந்த ஏ.டி.வி.யைப் பார்த்தார். பம்பர் இல்லாத காரைப் பார்த்தார். ஓரமாகக் கிடந்த மண் டயர்களிடம் போய்க் குனிந்து, கையால் செம்மண்ணை வழித்துப் பார்த்தார்.

"அண்ணே, வெள்ளிக்கிழம காலையிலயே நான் வந்து புது டயர் நாலையும் மாட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிக் காட்டிட்டுத்தானே போனேன். பூச்செடி வைக்கணும்னு அக்கா கழுவி அடுக்குன ஓட்ட டயர எடுத்து எதுக்கு மாட்டுனீங்க?"

லாரி நான்கு மணி ஐந்து நிமிடத்துக்கு வந்தது. சாலையோரத்தில் குலைகள் இல்லாததால் நிற்காமல் போனது.