நான் ஓட்டிக் காட்டிய அலை

கணிதம் படித்தவர்கள் எதற்கும் பதற மாட்டார்கள் என்றொரு நம்பிக்கை ஊரில் உண்டு. அதைப் பரப்பியவர்கள் கணிதம் படிக்காதவர்கள். நான் முனைவர் பட்டம் வரை படித்தவள். கைக்கு வந்த ஒரே வெளிநாட்டு வேலையை, சில நிமிடங்கள் பொறுக்க முடியாமல் கெடுத்துக்கொண்டவளும் நானே.

அலைகள் எப்படிப் பரவும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் என் ஆய்வு. (எங்கள் ஊர் எருத்தேன்பதியில் கடல் ஏது என்று கேட்காதீர்கள். என் அலை நிலநடுக்கம் வந்தால் பூமிக்குள் ஓடுவது.) நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, நேரத்தில் குட்டிக் குட்டி அடியாக எடுத்துவைத்து அலையை நகர்த்த வேண்டும். அடியை அகலமாக வைத்தால் கணக்குக் குழம்பி, எண்கள் வீங்கி வெடித்துவிடும். இந்தத் துறைக்கு வரும் எவருக்கும் இதுதான் முதல் பாடம். அந்த அடியை எவ்வளவு அகலம் வைக்கலாம் என்பதைப் பற்றித்தான் என் ஆய்வேடு முழுவதும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு என்னைத் திட்ட வசதியாக இருக்கும்.

பட்டம் வாங்கிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த காலம். மேலாய்வுக்கு எங்கெங்கோ விண்ணப்பித்து, எல்லா இடத்திலிருந்தும் வருந்துகிறோம் என்று பதில் வந்தது. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகம் மட்டும் இணையவழி நேர்காணலுக்கு அழைத்தது. என் நிரலை நேரடியாக ஓட்டிக் காட்டலாம், அல்லது முன்பே ஓட்டிய காணொளியைக் காட்டினாலும் போதும் என்றார்கள். நேரடியாகவே ஓட்டுகிறேன் என்று பதில் போட்டேன். (கொழுப்புத்தான், வேறென்ன?)

அன்று காலை அப்பாவிடம், சத்தம் மட்டும் வரக் கூடாது என்றேன்.

"நீ ஏனம்மிணி பயப்படறே? ஒரு சத்தமும் வராது. நானாச்சு."

அப்பா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். மாடுகளைத் தோப்புக்கு ஓட்டினார். பக்கத்துக் காட்டில் ஓடிய டிராக்டரைக் கெஞ்சி நிறுத்தினார். தாளிக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னார். கடைசியாகக் கிணற்று மோட்டார் ஞாபகம் வந்தது. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் அது தானாகவே ஓட ஆரம்பித்துவிடும். எந்த சுவிட்ச் எதற்கு என்பதில் அப்பாவுக்கு எப்போதும் சந்தேகம். ஆகவே மெயினிலிருந்தே பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் ஜன்னலுக்கு வெளியே காவலுக்கு நின்றார்.

நான் நிரலைத் தொடங்கப்போகும் நேரத்தில் விசிறி நின்றது. வைஃபை போனது. செல்போனிலிருந்து இணையத்தை எடுத்து மறுபடி உள்ளே நுழைந்தேன். நேர்காணல் செய்த பேராசிரியர்கள் இருவரும், ஒரு அம்மையாரும் ஒரு தாடிக்காரரும், பொறுமையாகக் காத்திருந்தார்கள். லேப்டாப்பின் மூலையில் பேட்டரி சிவப்பாகியிருந்தது. நிரல் ஓடி முடிய ஐந்து நிமிடமாவது ஆகும். அதற்குள் அணைந்துவிட்டால்? வேறெதையும் யோசிக்கவில்லை. அடியை நான்கு மடங்கு அகலமாக்கி ஓட்டிவிட்டேன்.

முதலில் அலை அழகாக, வட்டமாக விரிந்தது. நானும் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஓரத்தில் கோலமாவு சிந்தியதுபோல் புள்ளிகள் தோன்றின. அப்புறம் திரை முழுவதும் சிவப்பு. ஒரு எறும்புப் புற்றைக்கூட அசைக்காத என் குட்டி நிலநடுக்கம் பூமியையே விழுங்கிவிட்டது.

அந்த அம்மையார் மெதுவாகக் கேட்டார்: "நேர அடியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?"

என் ஆய்வேட்டின் தலைப்பே அதுதான். "கரண்ட் போய்விட்டது, அதனால்..." என்றேன். தாடிக்காரர் சிரித்துவிட்டார். அம்மையாரும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். அழுது முடிக்கும்வரை அந்தப் பாழாய்ப்போன லேப்டாப் அணையவே இல்லை. ஒழுங்கான அடியில் ஓட்டியிருந்தாலும் நிரல் நிம்மதியாக முடிந்திருக்கும்.

வெளியே வந்தால் அப்பாவைக் காணோம்.

"பால் சொசைட்டிக்குப் போயிருக்காரு" என்றாள் அம்மா. "உனக்கு ஜோலி கெடச்சிருச்சுன்னு சொல்றதுக்கு. ஜன்னல்ல பாத்தாராமா. வெள்ளைக்காரங்க அப்பிடிச் சிரிச்சாங்களாமா."

லட்டுப் பொட்டலத்தோடு திரும்பியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பியூஸ் கட்டையை வெளியே எடுத்தார்.

"இதுனாலயா அம்மிணி?"

ஆமாம் என்று கத்தத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. "இல்லீங்கப்பா, நாந்தான் தப்பாப் போட்டுட்டேன்" என்றேன். கணக்குப்படி அதுதான் உண்மையும்கூட. அவர் போய்க் கட்டையைச் செருகினார். விசிறி சுற்றியது. இரண்டாவது தடவையாக அழுதேன்.

சொசைட்டியில் சொன்னதைத் திருத்த அப்பாவுக்கு வாய் வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. வேறெந்த வெளிநாடும் என்னைக் கூப்பிடவில்லை. இப்போது பக்கத்து ஊர்க் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வீட்டில் யாராவது காரணமில்லாமல் சிரித்தால், "பாத்துங்க, ஜோலி கெடச்சிரப்போகுது" என்று அம்மா இன்றும் அப்பாவைக் குத்துகிறாள்.

போன மாதம் ஒரு பார்சல்காரர் வந்து வாசலில் நின்றார். "ஏனுங்க, ஜெர்மனிக்காரங்க ஊடு இதுதானுங்களா? சொசைட்டியில கேட்டேன், இதைத்தான் காட்டுனாங்க."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "ஆமாங்க" என்றார்.

கையெழுத்துப் போட நான் எழுந்து போனேன்.