பாட்டுக்குக் குப்புறப் படுத்த மாப்பிள்ளை

நான் பொம்பிளை பார்க்கப் போகவில்லை. பொம்பிளைதான் என்னைப் பார்த்தாள். அதுவும் நான் தரையில் குப்புறக் கிடக்கும்போது. இதை ஒளிக்க ஏலாது. மண்டபம் நிறையச் சாட்சி.

சண்டைக்காலம். எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் கிளாக்கர் வேலை. சாதகம் பொருந்தியதும் பொம்பிளை வசந்தியின் அப்பா சொல்லியனுப்பினார்: "சனிக்கிழமை பின்னேரம் எங்கட சின்னவன்ர இசை நிகழ்ச்சி. தம்பியும் வரட்டும். பிள்ளை ஒருக்காப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாளாம்."

இசை என்றால் எனக்கு வீணை, மிருதங்கம். பட்டுவேட்டி கட்டி, பவுடர் அப்பி (கொஞ்சம் கூடத்தான்), தாளம் போடத் தொடையைத் தயாராக்கி, முன்வரிசையில் வருங்கால மாமாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். மூன்று கதிரை தள்ளி வசந்தி.

திரை விலகியது. நாலு சின்னஞ்சிறுசுகள். பாடகன் வசந்தியின் தம்பி, பன்னிரண்டு வயது. தலைமயிரைச் சவர்க்கார நுரை பூசிச் சேவல் கொண்டையாக நிறுத்தியிருந்தான். டிரம்ஸுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் ரிபன் மட்டும் தெரிந்தது.

"என்ன மாமா இது?"

"பங்க் எண்டொரு வெள்ளைக்காரப் பாட்டாம், தம்பி. லண்டனிலயிருந்து ஆரோ கசெற் அனுப்பினவை. ஒரு மாதமா வீட்டில நித்திரை இல்லை."

ரிபன் அசைந்தது. டமார்!

அந்த நாட்களில் சத்தம் கேட்டால் யோசிப்பதில்லை, படுப்பதுதான். மாமாவின் சட்டைக் கொலரைப் பிடித்து இழுத்து விழுத்தி, அவர் மேலேயே நானும் விழுந்தேன். மற்றவர்களும் படுத்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் படுக்கவில்லை! எல்லாரும் அயலட்டைச் சனம். ஒத்திகை கேட்டே காது மரத்தவர்கள். (கண்ணை இறுக்கி மூடியிருந்ததால் இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.)

"விடடா, மூச்சு முட்டுது!"

"அசையாதேங்கோ மாமா, இன்னும் அடிக்கிறாங்கள்!"

பாட்டு நின்றது. ஒலிவாங்கியில் ஒரு கீச்சுக் குரல்: "அண்ணை, எழும்புங்கோ. இது பாட்டு."

எழும்பினேன். குண்டே விழுந்திருக்கலாம் போலிருந்தது. அடுத்த பாட்டுக்கு, மேடைக்கு முன்னால் நின்ற பெடியள் பெட்டையள் எல்லாம் தொப்புத் தொப்பென்று தரையில் விழுந்தார்கள். இந்த ஆட்டம் இப்படித்தான் என்று என்னைப் பார்த்துப் படித்துவிட்டார்களாம்!

வாசலில் நான் செருப்புத் தேடிக்கொண்டிருக்க, மாமா பல்லைக் கடித்தார். "இந்த விசரன் எங்களுக்கு வேண்டாம், பிள்ளை."

"குண்டெண்டு நினைச்சும் அவர் தனியப் படுக்கேல்லை, அப்பா," என்றாள் வசந்தி. "உங்களை மூடிக்கொண்டு கிடந்தவர். எனக்கு இவரே காணும், இவரைத்தான் கட்டுவன்."

கிடைத்த செருப்பை இடம் வலம் மாறிப் போட்டுக்கொண்டேன். (உண்மையில் டமார் கேட்டதும் கைக்கு எட்டியதைத்தான் பிடித்தேன். கதிரை எட்டியிருந்தால் கதிரையைத்தான் இழுத்திருப்பேன். இதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.)

மாமாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் மேளகாரரைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

"மருமகனை அந்தக் கரையில இருத்துங்கோ. கெட்டிமேளம் வரப்போகுது."