கால்மணி பாயின் ஸ்டூல்

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஐம்பத்திரண்டு வயதில், பழைய கல்லூரி நண்பர்கள் கூடும் விருந்தில் இளமையாகத் தெரிய வேண்டுமென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டவன் நான். அது பாதி முட்டாள்தனம். கண் அழுத்த நோய்க்கு டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை அந்த லென்ஸுக்கு மேலேயே விட்டுக்கொண்டேனே, அது மீதி. கார் கண்ணாடியில் மழை வழிகிற மாதிரி மருந்தும் வழிந்து உள்ளே போய்விடும் என்பது என் விஞ்ஞானம்.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரை கால்மணி பாய்க்குத் தெரியாத கண்ணே கிடையாது. சிட்லபாக்கத்தில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். யார் வந்தாலும் முதல் கேள்வி, "கண்ணுல மருந்து ஊத்துறியா சார்?" கூலிங் கிளாஸ் கேட்டாலும் அதே கேள்வி, கூரியர் கொண்டு வருபவருக்கும் அதே. ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. லென்ஸைக் கழற்று, சொட்டு விடு, கண்ணை மூடு, கால்மணி நேரம் ஸ்டூலில் உட்கார். அப்புறம்தான் லென்ஸ். ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டரே அந்த ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நடுரோட்டில் நின்ற அவர் ஜீப்புக்குப் பின்னால் அஸ்தினாபுரம் வரை ஹாரன் சத்தம்.

என்னிடமும் கேட்டார். லென்ஸ் தரமாட்டாரோ என்ற பயத்தில், "மருந்தா? எனக்கா? சேச்சே!" என்றேன்.

இரண்டே வாரத்தில் கண் மிளகாய்ப் பழமானது. மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே தீர்ப்பெழுதி, நானே நிறுத்திவிட்டேன். லென்ஸை நிறுத்தியிருக்கலாம், ஆனால் விருந்து வருகிறதே! மருந்தை நிறுத்தியதும் கண்ணின் சிவப்பும் மறைந்தது. மனைவி மட்டும் புது மருந்துப் பாட்டில் ஒன்றைத் தினமும் என் சட்டைப் பையில் வைப்பாள். அது என்னோடு ரயிலேறி ஆபீஸ் போய், சீல் உடையாமல் வீடு திரும்பும்.

ஒருநாள் லென்ஸ் கழுவும் திரவம் வாங்க பாய் கடைக்குப் போனேன். குனிந்தபோது பாட்டில் விழுந்தது. பாய் எடுத்துப் பார்த்தார்.

"இது யாருது?"

"என் சம்சாரத்துது."

"அவங்க கண்ணு உன் சட்டப் பாக்கெட்லயா கீது?"

எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். பாய் ஒரு பழைய லென்ஸை எடுத்து, அதில் சிவப்பு மை ஒரு சொட்டு விட்டு, தண்ணீரில் அலசிக் காட்டினார். சிவப்பு போகவில்லை.

"இது கண்ணாடி இல்ல சார், இட்லி. சாம்பார் ஊத்துனா குடிச்சிக்கும். மருந்து கெடாம இருக்க கம்பெனிக்காரன் அதுல ஒரு கெமிக்கல் கலந்துகீறான். அதயும் குடிச்சிட்டு நாள் முச்சூடும் கண்ணுல வுட்டுகினே இருக்கும். செவக்காம இன்னா பண்ணும்?"

"அதான் மருந்தை நிறுத்திட்டேனே பாய்! இப்ப எப்படி இருக்கு பாருங்க!" என்று பாராட்டுக்காகக் கண்ணை விரித்தேன்.

பாய் முகம் மாறியது. "செவப்பு கத்திகினு வரும் சார். இந்த நோவு கத்தாது, வலிக்காது. ஓரத்துலேர்ந்து பார்வைய தின்னுகினே வரும். போனது திரும்பி வராது."

இரண்டு வாடிக்கையாளர்களை வெளியே நிறுத்தி, ஷட்டரை இறக்கி, என்னை ஸ்கூட்டரில் ஏற்றினார்.

டாக்டர் அளந்து பார்த்தார். கண் அழுத்தம் எகிறியிருந்தது. பாய் சொன்ன அதே பாடத்தை இங்கிலீஷில் சொன்னார். இட்லி மட்டும் இல்லை. "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் கொஞ்ச மாசம் போயிருந்தா..." என்றார்.

விருந்துக்குக் கண்ணாடியோடுதான் போனேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவரவர் வழுக்கையை மறைப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

கண் தேறியதும் டாக்டர் லென்ஸுக்கு அனுமதி கொடுத்தார். பாய் சும்மா கொடுக்கவில்லை. பொய் சொன்ன வாய் என்பதால், தினமும் ரயிலுக்கு முன் அவர் கண்ணெதிரே, அவர் ஸ்டூலில், அலாரம் வைத்துத்தான் மருந்து; அப்புறம்தான் லென்ஸ்.

நேற்றுப் பரிசோதனை. பார்வை நூலளவும் குறையவில்லை. இன்று காலை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறந்து, "பாய், அன்னிக்கு நீங்க மட்டும் ஷட்டரை இறக்கலேன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"இன்னும் ஒம்போது நிமிஷம் கீது, கண்ண மூடு சார்."