இரண்டு பக்கமும் எழுதிய பலகை

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியலில் இல்லாத எதுவும் உலகத்திலேயே இல்லை என்று நம்பிவிடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. நாமக்கல்லில் லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தரப் பரிசோதனை என் வேலை. ஒரு வண்டி வெளியே போவதற்குள் நாற்பத்திரண்டு இடத்தில் டிக் அடிப்பேன். (தாலி கட்டி முடித்ததும் மனசுக்குள் ஒரு டிக் அடித்ததை இன்றுவரை என் கணவரிடம் சொல்லவில்லை.)

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி வீடு. சமையலறையும் சாப்பாட்டு அறையும் என் மாமியாரின் ராஜ்ஜியம். பூப்போட்ட விரிப்பு மூடிய பிளாஸ்டிக் மேசை, கால் உடைந்து கயிற்றால் கட்டிய பிளாஸ்டிக் ஸ்டாண்டு, ஐந்து நிறத்தில் டப்பாக்கள். பழைய மரச்சாமானும் எனாமலும் வாங்கி அதையெல்லாம் மாற்றிக் காட்டுகிறேன் என்று நான் ஆரம்பித்ததும் அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

"கண்டவன் தின்ன தட்டையெல்லாம் என்ற ஊட்டுக்குள்ள கொண்டாராத சாமி."

நான் விடவில்லை. பேரனைப் பார்த்துக்கொள்ள அவர் ஜலகண்டாபுரத்தில் மகள் வீட்டுக்குப் பத்து நாள் போனபோது, இவரை நடுவில் வைத்துப் போனில் ஒப்பந்தம் போட்டேன். அத்தை திரும்பி வரும் ஞாயிற்றுக்கிழமை, நாத்தனாரின் மாமனார் வீட்டார் எட்டுப் பேர் கூடவே விருந்துக்கு வருகிறார்கள். அன்று அத்தைக்குப் பிடிக்கவில்லையென்றால் வாங்கியதெல்லாம் கடைக்கே திரும்பிவிடும். அதற்கப்புறம் அந்தச் சமையலறையில் ஒரு டப்பாவைக்கூட நான் நகர்த்தக் கூடாது.

"ஒரு டப்பாவைக்கூட," என்று அத்தை இரண்டு தடவை சொன்னார்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பழைய சாமான் கடை. மூடிவிட்ட மெஸ் ஒன்றின் சாமான் மொத்தமும் அங்கே வந்து இறங்கியிருந்தது. ஒன்பதடி மர மேசை, இரண்டு பெஞ்சு, நீலக் கரை போட்ட எனாமல் தட்டுகள், சாம்பார் வாளி, இரண்டடி நீளத்தில் ஒரு தோசைக்கல். அப்புறம் அந்தத் தகரப் பலகை. மஞ்சள் பூச்சில் சிவப்பு எழுத்து: 'சாப்பாடு தயார்'. இரண்டு திசையில் வரும் வண்டிகளுக்கும் தெரிய வேண்டுமென்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தார்கள்.

"ரெண்டு பக்கமும் எழுத்து அழியல, பாருங்க," என்றார் கடைக்காரர். அதைச் சிறப்பம்சமாகக் குறித்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் தேய்த்தேன், கழுவினேன், பெயின்ட் அடித்தேன். பிளாஸ்டிக் மேசை மாட்டுக் கொட்டகைக்குப் போனது. தோசைக்கல்லுக்குத் தினமும் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி, அழகுக்காகச் சமையலறைச் சுவரில் மாட்டினேன். பலகையைச் சாலை பார்த்த பெரிய ஜன்னலின் நடுவில் சங்கிலியில் தொங்கவிட்டேன். பின்னாலிருந்து வெளிச்சம் விழ, உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அத்தனை அழகு. வெளியே நின்று பார்ப்பது என் பட்டியலில் இல்லை. வாசல் கேட்டைக் கழற்றிப் பெயின்ட் அடிப்பது இருந்தது. கழற்றியாயிற்று.

ஞாயிறு பன்னிரண்டரைக்குச் சமையல் முடிந்தது. "தயிர் வாங்கிட்டு வாரேன்," என்று இவர் கிளம்பினார். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். (லாரிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.) ஆறு ஆண்கள். தலையிலும் சட்டையிலும் சாம்பல் நிறத் தூசி. காட்டு வேலையிலிருந்து நேராக வந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். கல்யாணத்தன்று அறிமுகப்படுத்திய சொந்தங்களில் ஒரு முகமும் எனக்கு நினைவில்லை. (விழுந்து கும்பிட்ட கால்களை வேண்டுமானால் அடையாளம் சொல்வேன்.)

"சாப்பாடு இருக்குங்களா?" என்றார் முன்னால் நின்ற மீசைக்காரர்.

"உங்களுக்காகத்தானுங்க காலைல இருந்து செஞ்சுட்டிருக்கேன். வாங்க, வாங்க!"

அவர் திரும்பி மற்றவர்களைப் பார்த்த பார்வையில் ஒரு பிரமிப்பு தெரிந்தது.

"மத்தவங்க வரலீங்களா?"

"இன்னொரு வண்டி பின்னால வருதுங்க."

பெண்கள் அதில் வருகிறார்கள் என்று புரிந்துகொண்டு இலை போட்டேன். பேச்சுக்காக, "அத்தை நல்லாருக்காங்களா?" என்று கேட்டேன். மீசைக்காரர் கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தானுங்க இருக்காங்க," என்றார். யார் அத்தையோ!

சாப்பிட்டார்கள். அப்படியொரு சாப்பாட்டை நான் பார்த்ததில்லை. மூன்றாவது சுற்றில் சாதக் குண்டான் அடி தெரிந்தது. "மெஸ் சாப்பாடு மாறியே இல்லீங்க, ஊட்டுச் சாப்பாடு மாறியே இருக்குது," என்று ஒருவர் பாராட்டியபோது கூச்சத்தோடு சிரித்தேன்.

முதலில் முடித்தவர் கை கழுவிவிட்டு வந்து கேட்டார். "பில்லு எங்கீங்க்கா குடுக்கறது?"

ரச வாளியோடு ஜன்னல் பக்கம் திரும்பினேன். பலகைக்கு அந்தப் பக்கம், எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு, போர்வெல் போடும் ரிக் லாரி ஒன்று பனைமர உயரத்துக்கு நின்றிருந்தது. அதன் ஓரமாக நெளிந்து ஒரு வேன் உள்ளே வந்தது.

அத்தை படியேறினார். பின்னால் நிஜச் சம்பந்திகள் எட்டுப் பேர். கடைசியில் தயிரோடு இவர். மீசைக்காரர் பாதி இலையில் எழுந்துவிட்டார்.

"ஏனுங்க, ஊடுங்களா இது? பலகையப் பாத்து வந்துட்டமுங்க. எங்க சமையல்காரரு ஊருக்குப் போயிட்டாருங்க..."

அத்தை பலகையைப் பார்த்தார். பெஞ்சுகளைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். ஒன்பது நாள் உழைப்பும் பழைய சாமான் கடைக்கு லோடு ஏறுவது என் கண்ணில் தெரிந்தது.

"உக்காருங்க," என்றார் அவர்களிடம். "என்ற ஊட்டுல யாரும் பாதி எலையில ஏந்திரிக்கக் கூடாது." என் கையிலிருந்த வாளியை வாங்கினார். "ரசம் யாருக்கு?"

ரசமும் தீர்ந்தது. சம்பந்திகள் எட்டுப் பேரும் மரியாதையாகச் சுவரைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மாவு இருக்குதா?" என்றார் அத்தை.

"ஒரு குண்டா நெறைய இருக்குதுங்க அத்தை."

அவருடைய சின்னக் கல்லை அடுப்பில் வைத்தார். ஒரு தோசை. காத்திருப்பது எட்டுப் பேர். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "அந்தக் கல்லை எறக்கு."

போர்க்குழாய் தூக்கும் கைகள் இரண்டு வந்து அதை இறக்கி, இரண்டு அடுப்புக்கும் குறுக்கே வைத்தன. ஒரே ஈட்டில் நாலு தோசை. மீசைக்காரர் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். சம்பந்தியம்மா தேங்காய் துருவினார். ஒன்பதடி மேசையில் எட்டுப் பேரும் ஒரே பந்தியாக உட்கார்ந்தார்கள்.

எல்லோரும் போனபின் நானே கேட்டேன். "நாளைக்கே கடைக்குத் திருப்பிடட்டுங்களா அத்தை?"

"கல்லக் குடுத்தீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்."

"மேசை, பெஞ்சு?"

"இருந்துட்டுப் போகுது."

"பலகை?"

அத்தை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைத் துடைக்கப் போனார். நானே கழற்றிக் கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் மாட்டினேன். (அங்கே அது பொய்யில்லை.)

அந்த ரிக் லாரி இன்னும் எங்கள் சாலையில்தான் போய்வருகிறது. வீட்டைத் தாண்டும்போது ஒரு நீள ஹாரன் அடிக்கும். தோசையைத் திருப்பிக்கொண்டே அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்:

"உன்ற சம்பந்திங்க போறாங்க சாமி, வந்து கைய ஆட்டு."