பார்வை எண் இல்லாத மனு

ஒரு காட்டில் பாம்புத் தடுப்புத் துறை என்று ஒன்று இருந்தது. அதில் வைரவன் என்ற கீரி புதிதாக வேலைக்குச் சேர்ந்தது. முதல் வாரத்திலேயே, யாரையும் கேட்காமல், மூன்று பாம்புகளை விரட்டிவிட்டது. துறை கலங்கிப்போனது. உடனே அதைப் பதினைந்து நாள் அறிமுகப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

பயிற்சி தந்தது ஓர் ஆமை. "பாம்பை விரட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் நாற்பது வேலை இருக்கிறது" என்று தொடங்கியது. கீரி நாற்பதையும் எழுதிக்கொண்டது.

அது திரும்பி வந்த அன்று காலை, பூவாத்தாள் என்ற கௌதாரி மூச்சிரைக்க ஓடிவந்தது.

"வைரவா, என் கூட்டைச் சுத்திச் சாரைப்பாம்பு வருது. ஏழு முட்டை கிடக்குது. சீக்கிரம் வாப்பா!"

கீரியின் வால் துடித்தது. எழுந்தது. பிறகு என்னவோ நினைத்து உட்கார்ந்துகொண்டது.

"மனுவா எழுதிக் கொடுங்கம்மா. மேலே பொருள் போடணும், கீழே பார்வை போடணும்."

"பார்வைக்கு என்னப்பா? ரெண்டு கண்ணாலயும் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

"அது இல்லம்மா. பார்வைன்னா, இதே விஷயமா நீங்க முன்னால போட்ட கடிதத்தோட எண்."

"முன்னால பாம்பே வரலையே!"

"அப்போ முதல்ல ஒரு கடிதம் போடுங்க. அதைப் பார்வையில காட்டி இன்னொண்ணு போடுங்க."

"பதினஞ்சு நாள்ல உன்னை என்னடா பண்ணிட்டாங்க?" கௌதாரி அழுதுகொண்டே இரண்டையும் எழுதிக் கொடுத்தது.

கீரி கோப்பைத் திறந்து, நேரில் வந்து விளக்கம் தருமாறு பாம்புக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது.

பாம்பு கூட்டுக்குள் தலையை நீட்டியபோது அறிவிப்பு வந்து சேர்ந்தது. முத்திரையைக் கண்டதும் அதற்கு வெலவெலத்துவிட்டது. முட்டையை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு ஊர்ந்தது. அங்கே புற்றுக்கு இருப்பிடச் சான்று கேட்டார்கள். கொண்டுவந்தது. அதில் சான்றொப்பம் இல்லை என்றார்கள். வாங்கிவந்தது. இதற்குள் சட்டை உரிந்துவிட்டதால், புகைப்படத்தில் இருப்பது வேறு பாம்பு என்றார்கள்.

பத்தொன்பதாம் நாள் முட்டைகள் பொரிந்தன. ஏழு குஞ்சுகளோடு அந்த வழியாகப் போன கௌதாரி, வரிசையில் கயிறு மாதிரி இளைத்துக் கிடந்த பாம்பைப் பார்த்தது. பாவமாக இருந்தது.

"உங்களுக்கு முன்னால இன்னும் எத்தனை பேருங்க?"

"யாருமில்லம்மா. நான் மட்டும்தான்" என்றது பாம்பு.

நீதி: ஊழியர்களுக்குப் பயிற்சி அவசியம். அதில் சிக்கப்போவது நாமா பாம்பா என்பது மட்டும் முன்கூட்டித் தெரியாது.