விசில் அக்காவும் மொட்டை முதலாளியும்

போடியில் ஏலக்காய் ஏலம் நின்றாலும் நிற்கும், விசில் அக்காவின் விசில் ஒருநாளும் நிற்காது என்றுதான் எங்கள் தெருவே நம்பியிருந்தது.

விடிவதற்கு முன் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு விசில். மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குச்சட்டியோடு வாசலுக்கு வந்துவிடுவார்கள். செல்போன் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கலாம்; அக்காவை அணைக்க முடியாது. ஒருமுறை போடிமெட்டு வளைவில் அவர் அடித்த விசிலை, கண்டக்டர் அடித்ததாக நினைத்து டிரைவர் மூணாறு பஸ்ஸையே நிறுத்திவிட்டார்.

"யாரும்மா விசிலடிச்சது?" என்று இறங்கினார் கண்டக்டர்.

"நாந்தான். எங்க ஜீப்புல இடம் பத்தல. இந்த ரெண்டு பேரையும் வெரசா ஏத்திக்க."

ஏற்றிக்கொண்டார்.

ஜீப்பில் முன்சீட்டு அக்காவுக்கு. பின்னால் யார் எங்கே என்பதும் அவர் முடிவுதான். வாந்தி எடுப்பவர்கள் ஓரம், வம்பு பேசுபவர்கள் நடு, சண்டைக்காரிகள் எதிரெதிர் மூலை. பட்டியல் போடுவதில் பிரியமுள்ள எனக்கே பொறாமை வரும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் விசிலடிக்கவில்லை. பாதித் தெரு தூங்கிவிட்டது, ஜீப் காலியாகப் போனது. பெண்கள் அவர் வாசலில் கூடினார்கள்.

"என்னக்கா, இப்படி சோலியக் கெடுத்திட்டியே!"

முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு, "பல்லு வலி" என்றார் அக்கா.

நான் எதிர் வீடு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பல்வலிக்காரர் தூக்குச்சட்டியை முழங்கையில் மாட்டித் தூக்குவதைப் பார்த்ததும் உள்ளே போய்க் கேட்டேன். கையை நீட்டினார். விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. காலையில் மடங்கவே மடங்காதாம்.

"மலைக் குளிரு ஏறிருச்சு ஆத்தா. தினமும் ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்ல சூட்டுக் காத்துல காட்டுறேன், எறங்க மாட்டேங்குது. வெளிய சொல்லிராத. வெரலு மடங்கலேன்னு தெரிஞ்சா எஸ்டேட்டுல வேண்டாம்னுருவாங்க."

கை பாயச வாசம் அடித்தது. வலி அப்படியே இருந்தது.

தேனிக்கு டாக்டரிடம் கூட்டிப்போனேன். முடக்குவாதம் என்றார், ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. வீடு திரும்பியதும் அக்கா கேட்டார், "யாரு கண்ணு வச்சது?"

"யாரும் வைக்கலக்கா. உங்க உடம்பே உங்க மூட்டை அடிக்குது."

"நான் அதுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?"

எங்கள் தெருவே அறிந்த ஒரு கதையை எடுத்துவிட்டேன். எஸ்டேட் முதலாளி பழனிக்குப் போய், மொட்டையடித்து மீசையையும் எடுத்துவிட்டுத் திரும்பினார். மூடுபனியில், ஏலச்செடிக்கு நடுவே புது மொட்டையைப் பார்த்த அக்கா திருடன் என்று விசிலடிக்க, எஸ்டேட்டைக் காவல் காக்கும் வாச்சர்கள் கம்போடு ஓடிவந்து சாத்திவிட்டார்கள்.

"மூட்டுல இருக்கற புரதம் கொஞ்சம் உருவம் மாறிப்போகுது, மொட்டை போட்ட மாதிரி. ரத்தத்துல ஆன்டிபாடின்னு ஒண்ணு, அதை வேத்தாளுன்னு நெனச்சு ஒட்டிக்கிட்டு விசிலடிக்குது. நோயை வெரட்ட வேண்டிய செல்லுங்கதான் வாச்சருங்க. கம்போட ஓடி வந்து மூட்டை அடிக்குதுங்க."

அக்கா யோசித்தார். "அப்ப என் உடம்புக்குள்ளயும் நாந்தான் விசிலடிக்கிறேனா?"

"ஆமாக்கா."

"பாவம், முதலாளிக்கு அன்னைக்கு எப்படி வலிச்சிருக்கும்!" என்று தன் விரலையே தடவிக்கொடுத்தார்.

டாக்டர் வாரம் ஒருநாள் மட்டும் போடச் சொன்ன மாத்திரைக்கு அக்கா ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். அன்று ஜீப் கிடையாது, உடம்புக்குள் இருக்கும் வாச்சர்களும் வீட்டில் இருப்பார்கள், பிடித்து அடக்கிவிடலாம் என்பது கணக்கு. விசில் இல்லாத அந்த நாட்களில் ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். நாய்கள் வந்தன, பெண்கள் வரவில்லை.

மெல்ல வீக்கம் வடிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டார். "அதான் திருடன் இல்லேன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

வீக்கம் திரும்ப வந்தது.

"மாத்திரையை நிறுத்துனா உடம்பு மறுபடியும் விசிலடிக்கும்க்கா. மறுநாளும் அதே மொட்டையைப் பாத்து விசிலடிச்சது யாரு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான்."

அதற்குப் பிறகு மாத்திரையும் தவறவில்லை, மருந்து ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையும் தவறவில்லை. இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. முதலாளி பேரை மட்டும் போட்றாத, மலைக்கே வராதன்னுருவாரு" என்றார்.

விரல் மடங்கத் தொடங்கியதும் விசிலும் திரும்பி வந்தது. இப்போதைய விசில் மூணாறு பஸ்ஸை நிறுத்தாது, பாதி காற்றுதான். எங்கள் தெருவுக்கு அது போதும். எனக்கு வேலை ஒன்பது மணிக்கு; விடியுமுன் எழ ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் முழித்துக்கொண்டு கிடக்கிறேன். அந்த விசில் கேட்ட பிறகுதான் புரண்டு படுக்கிறேன்.